யாத்திரைக்கு ஒரு கைக்கமரா

விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் மூட்டை கட்டுவதும், பஸ்ஸில் இடம் பிடிப்பதும், போன இடத்திலெல்லாம் படம் எடுப்பதும் வழமையாகிவிட்டன. முன்னொரு காலத்தில் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் மூன்று நான்கு முறையே படம் எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு ஒன்று, தலைப்பிள்ளை பிறந்ததற்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று என்பதோடு கணக்கு முடிந்துவிடும். இன்றோ ஒரு நாள் யாத்திரையில் முந்நூறு படம் எடுத்து, மறுவாரம் அவற்றில் ஒன்றையேனும் திரும்பிப் பாராதவரே பெரும்பாலோர். படம் பெருகிற்று, அதனால் வரும் பயனும் பெருகிற்றா என்பதையே இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இதற்குச் சட்டைப் பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கமராவை எடுத்துக்கொள்வோம். போய்வரும் இடமாக, கல்முனைக்கு மேற்கே வயல்வெளி சூழ இருக்கும் சொறிக்கல்முனையை வைத்துக்கொள்வோம். அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலத்தின் திருவிழா செப்டம்பரில் நடைபெறுவது. திருச்சிலுவையின் பெருவிழாவாகக் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டாடும் நாள் செப்டம்பர் 14. அக்காலத்தில் விடியற்காலை கல்முனைக் கடற்கரையில் தொடங்கி, இரவு திருத்தல முன்றிலில் முடியும் ஒரு நாள் யாத்திரையை மனத்திற் கொண்டால், இக்கருவியால் ஆவதும் ஆகாததும் ஒருங்கே விளங்கிவிடும்.

தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு?

டிஜிட்டல் கமராவின் கதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்திலே தொடங்குகிறது. ஸ்டீவன் சசன் என்னும் இளம் பொறியியலாளர் அங்கே செய்த முதற் கருவியின் எடை 3.6 கிலோகிராம். அது ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் எடுத்தது. படத்தில் இருந்த புள்ளிகளோ 10,000 மாத்திரமே. அந்தக் குழந்தை வளர்ந்து, 2010ஆம் ஆண்டில் மட்டும் சிறு கமராக்கள் பத்துக் கோடிக்கு மேல் உலகச் சந்தைக்குச் சென்றன. பின்னர் கையடக்கத் தொலைபேசி வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டில் அத்தொகை இருபது இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று.

அவ்வாறிருக்க, கமரா எதற்கு என்று கேட்பது நியாயமே. தொலைபேசி நன்றாகச் செய்யும் காரியத்துக்குத் தொலைபேசியே போதும். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்பவரைப் படம் எடுப்பதற்கு வேறு கருவி வாங்கிப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. எனினும் சிறு கமராவுக்கென்று சில தனிச் சிறப்புகள் உண்டு. அதன் வில்லை உண்மையாகவே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்துப் பொருளை அண்மைப்படுத்துகிறது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதில் அழைப்பு வருவதில்லை. தொலைபேசியின் மின்சாரம் தீர்ந்து வீட்டாரோடு பேச முடியாமற் போகும் அபாயமும் இல்லை. தமக்கென்று தொலைபேசி இல்லாத பள்ளி மாணவரிடம் பெற்றோர் அச்சமின்றிக் கொடுத்தனுப்பக்கூடிய கருவியும் இதுவே.

வாங்குவோர் மெகாபிக்சல் கணக்கைக் கண்டு மயங்கலாகாது. ஒளியை ஏற்கும் சென்சரின் பரப்பையே கேட்டறிதல் வேண்டும். மலிவான சிறு கமராக்களில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. 2012இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ். 100 முதலிய சற்று விலை கூடிய வகைகளில் அது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். பரப்பில் இது நாலு மடங்கு. மழை பெய்யும்போது சிறட்டையை வைத்தவனுக்கும் வாளியை வைத்தவனுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. வெளிச்சம் குறைந்த இடத்திலே உடனே தெரிந்துவிடும். பழைய கமரா வாங்குவோர், வில்லை தடையின்றி நீண்டு மடங்குகிறதா, மின்கலமும் சார்ஜரும் இன்னும் கடையிற் கிடைக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பது நன்று.

கிழக்குக் கரையின் வெளிச்சம்

நம் கரையில் சூரியன் கடலிலே எழுந்து வயலிலே விழுகிறான். கொழும்புக் காலிமுகத்திடலிற் கடலுக்குள் மறையும் சூரியனைப் பார்த்துப் பழகியவர் இங்கு வந்து மாலையிற் கடற்கரைக்கு ஓடினால் ஏமாற்றமே மிஞ்சும். காலை ஆறு மணியளவில் கல்முனைக் கரையில் நின்று கடலை நோக்கினால் ஒளி எதிரே இருக்கும். தோணியும் வலைஞரும் கறுத்த உருவங்களாகவே படத்தில் விழுவர். அது வேண்டுமாயின் அப்படியே எடுக்கலாம். வலை இழுப்போரின் முகம் தெரிய வேண்டுமாயின், நீர் ஓரத்தில் நின்று கரையை நோக்கித் திரும்ப வேண்டும்; அல்லது பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின் வர வேண்டும். அப்போது வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து தோணியின் நிறத்தையும் கடலின் நீலத்தையும் துலக்கிக் காட்டும்.

செப்டம்பரில் மற்றோர் இடர் உண்டு. நம் ஊர்களுக்கு நேர் உச்சியிற் சூரியன் வருவது ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலுமே. எனவே திருவிழாக் காலத்து நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மனிதர் முகத்தில் கண்குழிகள் கருமையாகிவிடும். அவ்வேளையில் ஆட்களை மரநிழலுக்கோ விறாந்தைக்கோ அழைத்து நிறுத்திப் படம் எடுப்பதே அழகு.

இன்னொரு நுட்பமும் மாணவர் அறிய வேண்டியது. கமராவுக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றோர் எண்ணம். அதன் முன்னே வெண்சீருடை அணிந்த மாணவர் வரிசை நின்றாலும், வெள்ளைச் சுவர்க் கோயில் நின்றாலும், “வெளிச்சம் அதிகம்” என்று தானே முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். “பிள்ளையைக் கறுப்பாக எடுத்துவிட்டாயே” என்று பாட்டிமார் குறைப்படுவது இதனாலேயே. கமராவில் கூட்டல், கழித்தல் அடையாளங்களோடு ஒரு பொத்தான் இருக்கும். வெண்மை மிகுந்த காட்சிக்கு அதனைக் கூட்டற் பக்கம் ஒரு படி நகர்த்தினால் வெள்ளை வெள்ளையாகவும் முகம் முகமாகவும் வரும்.

கடற்கரையில் இக்கருவிக்குப் பெரும் பகை மணல். நீண்டு வரும் வில்லையின் இடுக்கில் ஒரு மணி மணல் புகுந்தாலும் அது மடங்க மறுத்து நின்றுவிடும். ஆதலின் மணலில் வைத்தல் ஆகாது. உப்புக் காற்றிற் பயன்படுத்தியபின் உலர்ந்த மென்துணியால் துடைத்தல் வேண்டும். வீட்டிலே மூடிய டப்பா ஒன்றில், சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டையும் சேர்த்து வைத்தால், வில்லையிற் பூஞ்சணம் படர்வது குறையும்.

கேட்டு எடுப்பது நாகரிகம்

காலைக் கடலுக்குப்பின், வெயில் ஏறும் வேளைக்கு மருதமுனை மிகப் பொருத்தம். அவ்வூரின் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. தறி வீட்டின் உள்ளே வெளிச்சம் குறைவு. நாடாவோ மின்னலாய் ஓடுவது. ஷட்டரை 1/250 செக்கனுக்கு வைத்தால் நாடா நடுவழியில் உறைந்து நிற்கும். 1/30 செக்கனுக்கு வைத்து, கமராவைத் தூணோடு சேர்த்துப் பிடித்தால், நெய்பவர் தெளிவாக இருக்க நாடா மட்டும் ஒரு கோடாய் இழுபடும். தொழிலின் வேகத்தைக் காட்டுவது இரண்டாவது படமே.

ஆயினும் இப்படத்தின் வெற்றி ஷட்டரில் இல்லை; வாசலில் நின்று கேட்ட கேள்வியிலே இருக்கிறது. “காக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் புன்னகையோடு இசைவு கிடைக்கும். வேண்டாம் என்று கையசைத்தால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, நாலு வார்த்தை பேசி வருவதே பண்பு. பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டாரின் சம்மதமின்றிப் படம் எடுத்தல் எந்தச் சமூகத்திலும் முறையன்று. சிறு கமரா பிறர் கண்ணிற் படாமல் எடுக்க உதவும் என்று விற்பனையாளர் புகழ்வதுண்டு. நாம் அதைப் புகழாகக் கொள்ளவில்லை. பெரிய கருவியைக் கண்டு கூச்சமடையும் எளிய மனிதர், சிறிய கருவியின் முன் இயல்பாக இருக்கின்றனர் என்பதே அதன் உண்மையான சிறப்பு.

வழிபாட்டிடங்களில் இந்த ஒழுக்கம் இன்னும் இறுக்கமானது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவாயினும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பாயினும், சொறிக்கல்முனைத் திருப்பலியாயினும் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டல் வேண்டும். கோயில் மூலஸ்தானத்தைப் படம் எடுத்தல் தகாது. தீமிதிக்கும் அடியாரின் முகத்துக்கு நேரே பிளாஷ் வெளிச்சத்தை அடிப்பது பக்திக்கு இடையூறு மட்டுமன்று. அவருடைய காலுக்கும் ஆபத்து. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதையும், படைமுகாம்களைப் படம் எடுப்பதையும் நம் நாட்டில் அறவே தவிர்த்தல் வேண்டும்.

கிட்டங்கி வழியாக

மாலையிற் கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் செல்வோருக்கு, நீரும் வயலும் வானமும் ஒன்றாய் விரியும். சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த வயல்களிற் கொக்குக் கூட்டம் இறங்கும். மேற்கே சாயும் வெயில் வரம்புகளைப் பொன்கோடுகளாக்கும். இங்கே வில்லையை முழுவதும் விரித்து எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்க முயல்வது இயல்பு. அவ்வாறு எடுத்த படத்தில் எல்லாம் இருக்கும், எதுவும் நிற்காது. வரம்பிலே நடந்து வரும் ஒரு மனிதரையோ தனித்து நிற்கும் ஒரு மரத்தையோ முன்னிறுத்திக்கொண்டால், பரந்த வெளி தானாகவே தன் அளவைச் சொல்லும். தூரத்துக் கொக்கை நெருக்க வேண்டுமாயின் வில்லையின் ஸூம் செல்லும் எல்லையோடு நிறுத்துக. அதற்கு அப்பால் உள்ள டிஜிட்டல் ஸூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறில்லை.

மாரிகாலத்தில் இவ்வழியே போவோருக்கு ஒரு வார்த்தை. கிட்டங்கியில் வெள்ளம் மேவிப் பாய்ந்து போக்குவரத்து நின்ற நாட்கள் பல. 2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டு, மதரசா மாணவர் உள்ளிட்டோர் உயிரிழந்த துயரத்தை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். வீதியை மேவும் நீரின் ஆழமும் இழுவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை, கமராவுக்கும் தெரிவதில்லை. வெள்ளத்தைப் படம் எடுக்க விரும்புவோர் மேட்டிலே நின்று எடுக்கட்டும்.

இரவிலும் அசையும் படத்திலும்

திருத்தலத்தை அடையும்போது இருள் சூழ்ந்திருக்கும். மெழுகுதிரியின் ஒளியிற் கூட்டம் அமர்ந்திருக்கும். சிறு கமராவின் பிளாஷ் மூன்று நாலு மீற்றருக்கு மேல் எட்டாது. எட்டும் இடத்திலோ மெழுகுதிரியின் ஒளியைக் கொன்றுவிடும். அதனை அணைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 அளவில் உயர்த்தி, மதிலிலோ கதிரையின் முதுகிலோ கமராவைத் தாங்கி வைத்து, இரண்டு செக்கன் தாமதத்தில் தானே எடுக்கும்படி விடுக. கைநடுக்கம் படத்தில் ஏறாது.

வீடியோ எடுப்போர் செய்யும் பிழைகளுள் முதன்மையானது, தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதுபோல் கமராவை அங்குமிங்கும் திருப்புவது. ஓரிடத்தில் அசையாது பத்துச் செக்கன் பிடித்தல், பின் நிறுத்தி அடுத்த இடத்துக்கு நகர்தல் என்பதே முறை. முதலில் இடம் முழுவதும், அடுத்து மனிதர், கடைசியாக அவர் கை செய்யும் தொழில் என்று மூன்று துண்டுகள் எடுத்தால் பார்ப்பவருக்குக் கதை விளங்கிவிடும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சி உடையது. ஆகையால் செக்கனுக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் குழல் விளக்கின் கீழே படம் மினுங்காது. நாலு கே எனப்படும் உயர்தர வீடியோ, செக்கனுக்கு 100 மெகாபிட் என்ற அளவில், ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட் இடத்தை விழுங்கும். 64 கிகாபைட் மெமரி காட் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிடும். குடும்பத் தேவைக்கு அதனிலும் குறைந்த தரமே போதும்.

அசையும் படத்தின் உயிர் ஒலியிலே இருக்கிறது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், தறியின் தாளமும், கோயில் மணியும் நின்ற படத்தில் வரமாட்டா. கச்சான் காற்று ஒலிவாங்கியிற் பட்டு இரைவதைத் தடுக்க, காற்றுக்கு முதுகு காட்டி நின்று நம் உடலையே மறைப்பாக்கிக்கொள்ளலாம். யாத்திரை முடிந்து வீடு திரும்பியபின் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த வேலை ஒன்று உண்டு. 1978 நவம்பர் 23ஆம் நாள் கிழக்கு மாகாணத்தைச் சிதைத்த சூறாவளியை நேரிற் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அமைதியான அறையில், ஒரு கை தூரத்தில் கமராவை வைத்து, “அன்றிரவு என்ன நடந்தது, அப்பம்மா?” என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாக எந்த மலையும் அருவியும் நில்லா.

காப்பதே முடிவான வேலை

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பு இம்மாவட்டத்தினுடையதே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகிலும் வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளோடு அல்பங்களும் போயின. பிள்ளையை இழந்த தாய்க்குப் பிள்ளையின் முகம் ஒரு கடதாசியிலும் எஞ்சாமற் போவது இரண்டாவது இழப்பு. அத்தகையோருக்குப் பின்னர் ஒரு படம் கிடைத்ததாயின், அது பெரும்பாலும் வேறொருவர் வீட்டிலிருந்தே கிடைத்தது: வெளியூர் உறவினரின் கல்யாண அல்பம், பள்ளிக்கூடத்து வகுப்புப் படம், என்றோ ஒருநாள் நண்பர் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி.

2011 மார்ச் 11இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, யமமோட்டோ என்னும் சிற்றூரிலே தொண்டர்கள் சேற்றிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாய்க் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்கப் பாடுபட்டனர். சோற்றுக்கும் கூரைக்கும் அலைந்த காலத்தில் படத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். கேட்பவர் ஒரு படத்தையும் இழக்காதவராகவே இருப்பார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மிக எளியவை. யாத்திரைக்கு முன் கமராவின் திகதியைச் சரிபார்த்துக்கொள்க; மின்கலம் முற்றாக ஓய்ந்த கமரா தன் திகதியை மறந்து, எடுத்த படமெல்லாம் ஏதோவோர் ஆண்டின் ஜனவரி முதல் நாளினது என்று எழுதிவிடும். வீடு திரும்பிய அன்றே முந்நூற்றிலிருந்து முப்பதைத் தெரிந்தெடுத்து, யார், எங்கே, எப்போது என்று எழுதி வைக்க. பெயரில்லாத முகம் இருபது ஆண்டில் அந்நியமாகிவிடும். படங்களை இரண்டு இடங்களிற் காத்து வைக்க. அவற்றுள் ஒன்று கடலுக்கு அப்பால், வேறு ஊரிலுள்ள சகோதரர் வீட்டில் இருக்கட்டும். சிலவற்றைக் கடதாசியில் அச்சிடுக. நாலு அங்குலத்துக்கு ஆறு அங்குலப் படத்துக்கு இரண்டு மெகாபிக்சலே போதுமாதலின், மிகப் பழைய கமராவின் படமும் அதற்குத் தகும்.

அச்சிடும்போது ஒரு பிரதி கூடுதலாக எடுங்கள். தறியில் இருந்த காக்காவுக்கும், வலை இழுத்த தம்பிக்கும், வரம்பில் நடந்த ஐயாவுக்கும் அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்; பின்புறத்தில் நாளும் ஊரும் எழுதியிருக்கட்டும். நாம் எடுத்தது நமக்கு ஒரு யாத்திரையின் நினைவு. அவர் வீட்டிலே அது என்றோ ஒருநாள் ஒரே நினைவாக நிற்கக்கூடும்.